காயர், கொயர், ரிசர்வாயர்

என் தங்கை மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். வீடு குமரி மாவட்டம் குலசேகரத்தில். பல பள்ளிகள் கலந்துகொண்ட ஆங்கிலப் பேச்சுப்போட்டி ஒன்றில் 'நம் மாவட்டத்தின் நீர்' என்று தலைப்புக் கொடுத்திருந்தார்கள். பேச்சிப்பாறை பஸ் வாசல் வழியாகப் போகிற வீட்டில் வளர்ந்த பிள்ளை வேறு எதைப் பேசும்? கோதையாற்றின் குறுக்கே அணை எழுந்த கதையை நன்றாகவே தயார் செய்திருந்தாள். மூலம் திருநாள் மகாராஜா காலம், 1897இல் தொடங்கி 1906இல் முடிந்த வேலை, கட்டிய பொறியாளர் மிஞ்சின் துரையின் கல்லறை அணைக்குப் பக்கத்திலேயே இருப்பது, 48 அடி நீர்மட்டம், பிறகு பெருஞ்சாணி, சிற்றாறு என்று எல்லாம் கோர்வையாக வந்தன. பேச்சு முழுக்க ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது: ரிசர்வாயர். தலைப்பு அப்படி, வராமல் எப்படி இருக்கும்?

முடிந்ததும் நடுவர்களில் ஒருவர் மைக்கைக் கையில் எடுத்தார். "குட். ஆனா ஒரு கரெக்‌ஷன். ரிசர்வாயர் கிடையாது. அது பிரெஞ்சு வேர்டு. ரி-சர்-வ்வார் அப்படின்னு சொல்லணும்" என்றார். 'சர்' மேல் ஒரு அழுத்தம், 'வ்வார்' மேல் அதைவிடப் பெரிய அழுத்தம். அரங்கில் சிரிப்பு எழுந்தது. சிரித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த நிமிடம் வரைக்கும் ரிசர்வாயர் என்று சொல்லி வந்தவர்களாகத்தான் இருப்பார்கள், அது வேறு விஷயம். பரிசு கிடைக்கவில்லை. அதில் எனக்குப் பெரிய குறையில்லை. அவளைவிட நன்றாகப் பேசிய பிள்ளைகள் இருந்தார்கள். எனக்கு உறுத்தியது அந்தத் திருத்தம். நாகர்கோவிலில் ஒரு அச்சகத்துக்குப் புரூப் பார்க்கிறவன் நான். ஆங்கில வேலையும் வரும். ஒரு சொல்லை வரி முடிவில் எந்த இடத்தில் உடைக்கலாம், எந்த இடத்தில் கூடாது என்று பார்ப்பது பிழைப்பு. அந்த 'ரி-சர்-வ்வார்' என் காதில் எங்கேயோ இடறியது. இடறின இடம் கடைசியில் இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது அவளே அதை எடுத்தாள். நான் ஆறுதல் சொல்ல வாயெடுப்பதற்குள், "மாமா, ஒண்ணு கேக்கட்டா? தும்பு ஆலை போர்டுல இருக்கது காயர். சர்ச்சுல நாங்க பாடுறது கொயர். ரெண்டுலயும் கடைசி மூணு எழுத்து ஓ, ஐ, ஆர்தானே? இதுலயும் அதுதானே கெடக்கு? பெறவு நான் சொன்னது மட்டும் எப்படித் தப்பாவும்?" என்றாள். தங்கை அடுப்படியிலிருந்து, "மாமாகிட்ட வம்பு வளக்காதே பிள்ளே" என்றாள். வம்பு இல்லை அது. அந்த மேடையில் நடந்தவற்றில் எதுவும் இந்தக் கேள்வி அளவுக்கு யோசித்துச் செய்யப்பட்டது இல்லை.

ஓ, ஐ, ஆர்

இந்தக் கேள்வி குமரி மாவட்டத்துப் பிள்ளைக்கு வருகிற அளவு இயல்பாக வேறு யாருக்கும் வராது. காயர் இங்கே பாடப்புத்தகச் சொல் இல்லை. ஈத்தாமொழிப் பக்கம் போனால் தோப்புக்குத் தோப்பு கதம்பை என்கிற தேங்காய் மட்டைக் குவியல், அதை நாராக்குகிற தும்பு ஆலைச் சத்தம், கயிறு ஏற்றிப் போகிற வண்டி. அந்த ஆங்கிலச் சொல்லே நம் பக்கத்திலிருந்து போனதுதான். தமிழில் கயிறு, மலையாளத்தில் கயர். ஆங்கிலத்துக்குப் போய் சி, ஓ, ஐ, ஆர் என்ற எழுத்துக்கூட்டில் போர்டு ஏறித் திரும்பி வந்திருக்கிறது. ஆங்கிலேயரும் அதைக் காயர் என்கிற மாதிரிதான் சொல்கிறார்கள். 'க்வார்' என்று பிரெஞ்சுச் சாயலில் சொன்னால் அவர்களுக்கே விளங்காது.

கொயர் வேறு வழியில் வந்தது. லத்தீன் கோரஸ் பழைய பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்த வடிவம். முன்பு அதை க்யூவில் தொடங்கி எழுதினார்கள். பிற்காலத்தில் லத்தீன் மூலம் தெரியட்டும் என்று எழுத்துக்கூட்டை மாற்றினார்கள். வாயில் இருந்த 'க்வயர்' மாறவில்லை. ஆக, ஓ-ஐ-ஆர் என்று முடிகிற ஆங்கிலச் சொற்களில் ஒன்று 'ஆயர்' என்கிறது, ஒன்று 'வயர்' என்கிறது, ரிசர்வாயரும் தன்வரலாற்றைக் குறிக்கிற மெம்வாரும் 'வார்' என்கின்றன. (ஆயர் என்றதும் கோட்டாறு மறைமாவட்டம் நினைவுக்கு வருகிறவர்கள் மன்னிக்கவும்.) ஒரு மொழி ஒரே எழுத்துக்கூட்டுக்கு மூன்று ஒலி வைத்திருக்கும்போது, பிள்ளை தன் ஊரில் தினம் பார்க்கிற ஒலியை எடுத்துப் போட்டதை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நடுவர் சொன்னதில் பிரெஞ்சுச் சொல் என்பது உண்மை. ஒதுக்கி வைப்பதைக் குறிக்கிற வினையோடு, இடத்தையோ கருவியையோ குறிக்கிற ஓ-ஐ-ஆர் விகுதி சேர்ந்து உண்டான சொல். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்குள் வந்தது. இங்கே வந்த காலத்தைக் கவனிக்க வேண்டும். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்ததற்குப் பிறகு பிரெஞ்சுச் சொற்கள் கூட்டம் கூட்டமாக ஆங்கிலத்துக்குள் புகுந்தன. வாய்ஸ், சாய்ஸ், பாய்சன், பாயிண்ட், ஜாயிண்ட் எல்லாம் அந்தப் பழைய வரவுகள். அப்போது பிரெஞ்சிலேயே ஓ-ஐ என்று எழுதினால் 'ஓய்' என்றுதான் ஒலித்தது. ஆங்கிலம் அதை அப்படியே வைத்துக்கொண்டது. பிரெஞ்சு மட்டும் நகர்ந்துகொண்டே போனது: ஓய் என்பது வே ஆகி, வே பிறகு வா ஆயிற்று. இன்று பிரெஞ்சுக்காரர் குரலை 'வ்வா' என்கிறார், தேர்வை 'ஷ்வா' என்கிறார். ரிசர்வாயர் ஆங்கிலத்துக்கு வந்தபோது இந்த நகர்வு நடந்துகொண்டிருந்தது. அதனால்தான் வாய்ஸிலும் ரிசர்வாயரிலும் ஒரே பிரெஞ்சு எழுத்துக்கூட்டு இருந்தும் ஆங்கிலத்தில் ஒலி வேறு.

இதில் எனக்குப் பிடித்த பகுதி ஒன்று உண்டு. பிரான்ஸில் அரசவைக்காரர்கள் 'வே' என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் 'வா' என்பது பாரிஸ் தெருவின் உச்சரிப்பு. மேட்டுக்குடிக்கு அது கொச்சை. 1789 புரட்சிக்குப் பிறகு அரசவையும் போயிற்று, அதன் 'வே'யும் போயிற்று, தெருவின் 'வா' நாகரிகமாயிற்று. கடல் தாண்டிக் கியூபெக்கில் குடியேறியவர்களின் பேச்சுவழக்கில் மட்டும் பழைய 'வே' இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் அரங்கில் மைக் பிடித்துச் சொல்லித் தரப்பட்ட அந்த உயர்ந்த 'வ்வார்', ஒரு காலத்தில் பாரிஸில் யாரோ ஒரு கனவான் முகம் சுளித்த 'வ்வார்'.

நம்முடைய 'வாயர்' எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதுவும் ஒழுங்காகவே இருக்கிறது. ஆங்கிலத்தின் குறுகிய ஓகார ஒலியைத் தமிழ் ஆகாரமாக எடுத்துக்கொள்கிறது: ஆபீஸ், டாக்டர், ஆயில், பாயிண்ட், பாய்லர். மலையாளம் ஓகாரமாகவே வைத்துக்கொள்கிறது: ஓபீஸ், டோக்டர், ஓயில், போயிண்ட். களியக்காவிளை தாண்டினதும் கடை போர்டுகளில் இந்த மாற்றத்தைக் கண்ணால் பார்க்கலாம். அங்கே இதே சொல்லை 'ரிசர்வோயர்' என்று எழுதுகிறார்கள். விளவங்கோடு தாலுகாவில் இரண்டும் கேட்கும், ஒரே ஆள் வாயில் ஒரே நாளில்கூடக் கேட்கும். தமிழ் ஓகாரத்தை ஆகாரம் ஆக்கிய தற்செயலில் ஒரு லாபம் கிடைத்திருக்கிறது: 'வாயர்' என்பதில் அந்த 'வா' பிரெஞ்சுக்காரர் சொல்கிற 'வா'வுக்கு ரொம்பப் பக்கம். கூடுதலாக இருப்பது 'யர்' மட்டும்தான். அந்தக் கூடுதலைத்தான் அரங்கம் பார்த்துச் சிரித்தது.

வெட்டுகிற இடம்

அன்று இரவு வீட்டுக்கு வந்து, அச்சக வேலைக்கு வைத்திருக்கிற தடித்த அமெரிக்க அகராதியை எடுத்தேன். தலைச்சொல்லை அதில் நடுநடுவே புள்ளி வைத்து அச்சிட்டிருப்பார்கள். அந்தப் புள்ளிகள் உச்சரிப்புக்கு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அவை அச்சுக்கோப்பவருக்காக. வரி முடிவில் சொல் உடைந்தால் இணைக்கோட்டை அங்கே போடலாம் என்று அர்த்தம். இந்தச் சொல் அங்கே மூன்று துண்டாகக் கிடந்தது: ரெஸ், அர், வ்வார். நான் விரலை வைத்த இடத்திலிருந்து சற்று மேலே அதன் தாய்ச்சொல்லான ரிசர்வ். அது இரண்டு துண்டு: ரி, ஸர்வ். இரண்டுக்கும் முதல் ஆறு எழுத்தும் ஒன்றுதான். ஆனால் வெட்டு விழுகிற இடம் ஒரு எழுத்துத் தள்ளி இருக்கிறது. தாய்ச்சொல்லில் எஸ் என்ற எழுத்து வலப்பக்கம் சேர்கிறது, மகள் சொல்லில் இடப்பக்கம் சேர்கிறது.

எனக்கு இடறின இடம் இதுதான். ஆங்கிலத்தில் சிலபிள், அதாவது ஓர் உயிரைச் சுற்றி நிற்கிற ஒலித்துண்டு, வெட்டுப்படுகிற இடம் அழுத்தத்தின் பின்னால் போகும். முதல் சிலபிளில் அழுத்தம் விழுந்து, அதன் உயிர் குறிலாக இருந்தால், அந்தக் குறில் தனியே நிற்காது; பின்னால் வருகிற மெய்யை இழுத்துத் தன்னோடு வைத்துக்கொள்ளும். அழுத்தம் இரண்டாவது சிலபிளுக்குப் போய்விட்டால் முதல் உயிர் சோர்ந்துவிடும், மெய்யும் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். ரெக்கார்டு என்ற சொல்லில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். பெயர்ச்சொல்லாக வந்தால் முதலில் அழுத்தம், வெட்டு 'ரெக்' என்பதற்குப் பிறகு. வினையாக வந்தால் இரண்டாவதில் அழுத்தம், வெட்டு 'ரி' என்பதற்குப் பிறகு. எழுத்து ஒன்றுகூட மாறாது. ரிசர்வ் இரண்டாவதில் அழுத்தம் வாங்குகிற சொல். ரிசர்வாயரோ முதலில் வாங்குகிறது, அதனால் அது 'ரெஸ்' என்று தொடங்க வேண்டும். ரயில்வே ஸ்டேஷனில் நாம் வரிசையில் நிற்கிற ரிசர்வேஷனும் அப்படியே, ஆங்கிலத்தில் அது 'ரெஸ'. நாம் இரண்டையும் ரிசர்வ் என்ற ஒரே தண்டில் ஒட்டவைத்து ரிசர்வேஷன், ரிசர்வாயர் என்கிறோம்.

அப்படியென்றால் நடுவர் சொன்ன 'ரி-சர்-வ்வார்' என்ன? ஆங்கிலேயர் சொல்வது ஏறக்குறைய 'ரெ-ஸ-வ்வா'. முதலில் அழுத்தம், நடுவில் இருப்பது பாதி விழுங்கின ஒலி, கடைசி ரகரம் காணாது. அமெரிக்கர் கடைசி ரகரத்தைச் சொல்கிறார்கள், ஆனால் அவர்களிலும் பலர் நடுவில் இருக்கிற ரகரத்தைத் தின்றுவிடுகிறார்கள். ஒரு சொல்லில் இரண்டு ரகரம் வந்தால் ஒன்றை விடுவது அவர்கள் வழக்கம். பிரெஞ்சுக்காரர் மூன்று சிலபிளையும் சமமாகச் சொல்லிக் கடைசியில் கொஞ்சம் ஊன்றுகிறார். அவர்கள் வெட்டும் 'ரெ-ஸெர்-வ்வார்' என்று விழும், இரண்டு உயிருக்கு நடுவே தனி மெய் வந்தால் அது எப்போதும் பின்னால் இருக்கிற உயிரோடு போகும் என்பது அவர்கள் விதி. இந்த மூன்று பேர் வாயிலும் முதல் எழுத்து 'ரெ'. நடுவருடைய 'ரி' லண்டனிலும் இல்லை, நியூயார்க்கிலும் இல்லை, பாரிஸிலும் இல்லை. நம் ஊர் தலையில் பிரெஞ்சு வாலை ஒட்டவைத்துக்கொண்டு, முழுக்க நம் ஊராக இருந்ததைத் திருத்தியிருக்கிறார்.

ஆங்கிலம் கேட்டுப் பழகின காதுக்கு அந்த 'யர்' ஒரு சின்ன வித்தியாசம்தான், சொல் புரிந்துவிடும். அழுத்தம் இடம் மாறினால்தான் உண்மையிலேயே தடுமாறும், ஏனென்றால் ஆங்கிலக்காரர் சொல்லை அடையாளம் காண்பது பெரும்பாலும் அழுத்தத்தை வைத்து. போட்டிக்குத் தயார் செய்கிற பிள்ளைக்கு ஒரே ஒரு விஷயம்தான் சொல்லித் தர நேரம் இருக்கிறது என்றால், நான் வாலைத் தொடமாட்டேன். தலையைத்தான் தொடுவேன். 'ரெஸ' என்று ஊன்றித் தொடங்கச் சொல்வேன். அதற்கு மேல் 'வாயர்' வந்தாலும் வரட்டும்.

சொல் உடைப்பதில் ஆங்கிலத்துக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் அச்சகங்கள் சொல்லின் பிறப்பைப் பார்த்து உடைப்பவை, அமெரிக்கர்கள் ஒலியைப் பார்த்து. அறிவைக் குறிக்கிற 'நாலெட்ஜ்' என்ற சொல்லை பிரிட்டிஷார் டபிள்யூவுக்குப் பிறகு உடைப்பார்கள், அமெரிக்கர்கள் எல்லுக்குப் பிறகு. கணினிக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் ஃபிராங்க் லியாங். ஸ்டான்ஃபோர்டில் அவர் 1983இல் கொடுத்த ஆய்வேட்டின் தலைப்பிலேயே சொற்களை இணைக்கோடு போட்டு உடைத்து அச்சிட்டிருக்கிறார். தமிழில் நமக்கு இந்தத் தலைவலி குறைவு. இணைக்கோடு வேண்டாம், உயிர்மெய் எதற்குப் பிறகும் உடைக்கலாம், அடுத்த வரி புள்ளி எழுத்தில் தொடங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். 'பேச்சிப்' இங்கே, 'பாறை' அங்கே என்று போகலாம். 'ப்பாறை' என்று ஒரு வரி தொடங்கினால் நான் சிவப்பு மையை எடுப்பேன்.

புளிமா, புளிமாங்காய்

ஆங்கில சிலபிளும் தமிழ் அசையும் ஒன்றல்ல. நம் நிரையசை அவர்கள் கணக்கில் இரண்டு சிலபிள். இருந்தாலும் பள்ளியில் அலகிட்டு வாய்ப்பாடு சொன்னவர்கள் யாரும் ஒரு சொல் கையில் கிடைத்தால் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டார்கள். ரிசர்வாயர்: ரிசர் என்பது குறிலிணை ஒற்றடுத்து நிரை, வா நேர், யர் நேர். நிரை நேர் நேர், புளிமாங்காய். பிரெஞ்சுக்காரர் சொல்கிற ரெஸர்வார்: ரெஸர் நிரை, வார் நேர். நிரை நேர், புளிமா. அவர்கள் அனுப்பின புளிமாவில் நாம் ஒரு காய் காய்க்க வைத்திருக்கிறோம். இதை அவளிடம் சொன்னபோது அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள்.

காய் ஏன் காய்த்தது என்பதற்கும் இலக்கணம் இருக்கிறது. ஓ-ஐ என்பதைக் கண்ணால் பார்த்து 'ஆய்' என்று படித்தால், அடுத்து ஆர் என்ற எழுத்து மெய்யாக நிற்கிறது. 'வாய்ர்' என்று முடிக்க வேண்டும். தமிழ்ச் சொல் ய் என்ற மெய்யில் முடியும், ர் என்ற மெய்யிலும் முடியும். இரண்டும் சேர்ந்து வந்து முடியாது. செய்யுளில் போன்ம், மருண்ம் என்று அபூர்வமாக வருவதை விட்டால் ஈற்றில் இரட்டை மெய் நமக்கு இல்லை. அதனால் நடுவே ஒரு அகரம் வந்து உட்கார்ந்து 'வாயர்' ஆகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர் வாயிலும் இந்த அகரம் வரும், தமிழ்ப் புலவர் வாயிலும் வரும்.

நடுவர் கேட்ட 'சர்வ்வார்' இருக்கிறதே, அது இதைவிடச் சிக்கல். ரகர மெய்யை அடுத்து இன்னொரு மெய் இரட்டித்து வரத் தமிழ் இடம் கொடுக்கும்: பார்த்தான், சேர்ந்தான், வார்ப்பு. அந்த இரண்டாவது மெய் வல்லினமாகவோ அதன் இன மெல்லினமாகவோ இருக்க வேண்டும் என்பது தொல்காப்பியக் காலத்திலிருந்து விதி. வகரம் அந்தப் பட்டியலில் இல்லை. போதாக்குறைக்கு ஆங்கிலத்தில் அங்கே இருப்பது இரண்டு வேறு ஒலி, ஒன்று பல்லும் உதடும் சேர்கிற வி, மற்றது உதடு குவிகிற டபிள்யூ. நமக்கு இரண்டும் ஒரே வகரம். ஆங்கிலத்தின் சொந்தச் சொற்களிலும் இந்த இரண்டும் அடுத்தடுத்து வந்து ஒரு சிலபிளைத் தொடங்காது; பிரெஞ்சு வரவுகளில் மட்டுமே அவர்களும் இதைக் கஷ்டப்பட்டுச் சொல்கிறார்கள். அமெரிக்க அகராதியில் இதற்கு 'ரெஸவாய்' என்று முடிகிற ஓர் உச்சரிப்பையும் கடைசியாகச் சேர்த்திருப்பதைப் பார்த்தேன். அவர்களிலும் சிலர் எங்கள் குலசேகரத்துப் பிள்ளை போன வழியில் முக்கால் தூரம் வந்திருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாகத் தமிழில் அழுத்தம் சொல்லின் பொருளை மாற்றாது. ஒவ்வொரு எழுத்துக்கும் அதன் மாத்திரைக் கூலியை முழுசாகக் கொடுத்துவிடுகிற பேச்சு நம்முடையது. ஆங்கிலம் முதல் சிலபிளுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு நடுவில் இருக்கிறதைப் பட்டினி போடும். ரிசர்வாயர் என்று நாம் சொல்லும்போது எந்த எழுத்தும் பட்டினி கிடப்பதில்லை.

டெப்போவும் டிலனாயும்

சரி, பிரெஞ்சுச் சொல் எல்லாவற்றையும் நாம் எழுத்தைப் பார்த்துத்தான் படிக்கிறோமா? இல்லை. நாகர்கோவிலில் ராணித்தோட்டம் டெப்போ என்று எல்லோரும் சொல்கிறோம். அதுவும் பிரெஞ்சுச் சொல்தான், கடைசியில் டி என்ற எழுத்து இருக்கிறது, பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் அது ஒலிக்காது. நம் கண்டக்டர் டெப்பாட் என்றா சொல்கிறார்? பூக்கடையில் பொக்கே என்று கேட்கிறோம், கடைசி டியை யாரும் தேடுவதில்லை. அதே ஆட்கள் ரெஸ்டாரண்டில் மட்டும் கடைசி டியை அழுத்தமாகச் சொல்கிறார்கள். அங்கே ஆங்கிலேயரும் சொல்கிறார்கள், பிரெஞ்சுக்காரர்தான் சொல்வதில்லை.

என் ஊகம் இது: டெப்போ வேலை செய்கிறவர்கள் வாய் வழியாக, காது வழியாகப் பரவின சொல். டிரைவர் சொல்ல கிளீனர் கேட்டு, கிளீனர் சொல்ல பயணி கேட்டு வந்தது. எழுத்தைப் பார்ப்பதற்கு முன்பே ஒலி வந்துவிட்டது. ரிசர்வாயர் அப்படி வரவில்லை. அது கோப்பு வழியாக, வரைபடம் வழியாக, பொதுப்பணித்துறை போர்டு வழியாகக் கண்ணுக்கு வந்தது. வாயால் சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம் பேச்சிப்பாறைக்காரருக்கு அணை என்ற சொல் கையில் இருந்தது. அதனால் ஆங்கிலேயர் அதை எப்படிச் சொன்னார் என்று கேட்டுப் பழக ஆளே இல்லை. மிஞ்சின் துரை தன் வேலையாட்களிடம் அந்தச் சொல்லை எத்தனை தடவை சொல்லியிருப்பார்? மண்ணு, கல்லு, சுண்ணாம்பு என்று அவர் தமிழ் பேச வேண்டியிருந்திருக்கும்.

கண்ணால் வந்ததைக் கண்ணுக்குத் தெரிந்தபடி சொல்வது ஒன்றும் கேவலம் இல்லை என்பதற்கு இந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெயர் இருக்கிறது. 1741 குளச்சல் போரில் டச்சுக் கம்பெனிப் படையிலிருந்து பிடிபட்டு, பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே தளபதியான டிலனாய். புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் அவருடைய கல்லறை இருக்கிறது, லத்தீனும் தமிழும் பொறித்த கல்லோடு. லனாய் என்பது பிரான்ஸின் வடகோடியில், பெல்ஜிய எல்லைப் பக்கம் இருக்கிற ஒரு ஊரின் பெயரும்கூட. பிரெஞ்சில் அந்த ஊரை 'லன்வா' என்கிறார்கள். இங்கே அவர் டிலனாய். பள்ளிப் புத்தகத்திலும் டிலனாய், சுற்றுலா போர்டிலும் டிலனாய், கோட்டைக்குள் மான் பார்க்கப் போகிற குடும்பங்கள் வாயிலும் டிலனாய். குளச்சலைப் பற்றிப் பேசுகிற மேடையில் யாராவது எழுந்து 'டிலன்வா என்று சொல்லணும், அது பிரெஞ்சு' என்று திருத்தினால், சிரிப்பு எந்தப் பக்கம் திரும்பும் என்று நினைக்கிறீர்கள்?

ஆங்கிலத்தில் பேசும்போது ஆங்கிலக்காரர் சொல்கிறபடி சொல்லப் பழகுவது நல்லதே; அதில் எனக்கு வீம்பு எதுவும் இல்லை. பிள்ளை நாளைக்கு வேறு நாட்டுக்குப் படிக்கப் போகலாம், அவள் பேச்சு மற்றவருக்கு விளங்க வேண்டும். திருத்துகிறவர் அகராதியைத் திறந்து பார்த்துவிட்டுத் திருத்தட்டும் என்பதுதான் என் வழக்கு. அவளை உட்காரவைத்து 'ரெ-ஸ-வ்வா' என்று சொல்லப் பழக்கினேன். தொடக்கம் உடனே வந்துவிட்டது. கடைசித் துண்டுக்கு உதட்டைக் குவித்துக் குவித்துப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்து, "போங்க மாமா, அடுத்த தடவை நான் டேம்னே சொல்லிக்கிடுதேன். ரெண்டு எழுத்து, வம்பே இல்ல" என்றாள்.

டேம் என்று நாம் ஏகாரத்தை நீட்டிச் சொன்னால் ஆங்கிலக் காதில் அது அணையாக விழாது. சீமாட்டி என்று பொருள்படுகிற வேறொரு சொல்லாக விழும். அதுவும் பிரெஞ்சிலிருந்து வந்ததுதான். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.